24 ஆட்டம் கூடுதலாக ஆடியவர்கள்: அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணியின் சம ஊதிய வழக்கு

2020 மே 1ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதி ஆர். கேரி கிளாஸ்னர் 32 பக்கத் தீர்ப்பு ஒன்றை வழங்கினார். வழக்குக்கு உட்பட்ட காலமான 2015 பிப்ரவரி முதல் 2019 நவம்பர் வரை, அமெரிக்கப் பெண்கள் தேசிய கால்பந்து அணி 111 ஆட்டங்கள் ஆடி ஏறத்தாழ 2 கோடியே 45 லட்சம் டாலர் பெற்றது. ஆண்கள் அணி 87 ஆட்டங்கள் ஆடி ஏறத்தாழ 1 கோடியே 85 லட்சம் டாலர் பெற்றது. சராசரியாக ஓர் ஆட்டத்துக்குப் பெண்கள் அணிக்கு 2,20,747 டாலர், ஆண்கள் அணிக்கு 2,12,639 டாலர். மொத்தத்திலும் சராசரியிலும் பெண்களே அதிகம் வாங்கியிருக்கிறார்கள் என்ற இந்தக் கணக்கை முதன்மை ஆதாரமாகக் கொண்டு, சம ஊதியம் கோரிய பகுதியை முழு விசாரணைக்கு அனுப்பாமலேயே நீதிபதி தள்ளுபடி செய்தார்.

கூட்டலிலும் வகுத்தலிலும் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதே காலத்தில் பெண்கள் அணி இரண்டு உலகக் கோப்பைகளை வென்றிருந்தது. ஆண்கள் அணியோ 2017 அக்டோபர் 10ஆம் தேதி டிரினிடாட் டுபாகோவிடம் 2-1 என்ற கணக்கில் தோற்று, 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறாமலேயே போனது. 24 ஆட்டங்களைக் கூடுதலாக ஆடி, இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆன பிறகுதான் பெண்களின் சராசரி ஆண்களின் சராசரியை எட்டி, சுமார் 8,000 டாலர் தாண்டியது. இதைச் சம ஊதியம் என்று கொள்வதா, சமமின்மைக்கான சான்று என்று கொள்வதா என்பதே வழக்கின் மையக் கேள்வி. நீதிமன்றத்தில் தோற்ற அணி இரண்டே ஆண்டுகளில் பேச்சுவார்த்தை மேசையில் எப்படி வென்றது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது.

ஒரே முதலாளி, இரண்டு ஒப்பந்தங்கள்

ஆண்கள், பெண்கள் ஆகிய இரு தேசிய அணிகளுக்கும் வேலை கொடுப்பது அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் என்ற ஒரே அமைப்பு. அணிகளுக்குத் தனித்தனித் தொழிற்சங்கங்கள் உண்டு. ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே பேசித் தனித்தனிக் கூட்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். கிளப் கால்பந்தில் ஆண்களின் கிளப்புக்கு ஒரு முதலாளி, பெண்களின் கிளப்புக்கு வேறொரு முதலாளி என்று இருப்பதால் சம ஊதியச் சட்டத்தை அங்கே கொண்டுபோவது கடினம். தேசிய அணிகளில் அந்தச் சிக்கல் இல்லை. சம்பளப் பட்டியலில் கையெழுத்திடும் கை ஒன்றே என்பதால்தான் இந்த வழக்கு பிறக்க முடிந்தது.

பெண்கள் அணியின் தொடக்கம் எளிமையானது என்று சொல்வதைவிட, கவனிப்பாரற்றது என்று சொல்வதே நியாயம். 1985இல் இத்தாலியில் ஒரு போட்டிக்காக முதல் அணி திரட்டப்பட்டபோது, அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை ஆண்களின் அளவுக்குத் தைத்த உடைகள். புறப்படுவதற்கு முன் அவற்றை வெட்டி, மடித்துத் தைத்து, தங்கள் உடம்புக்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டுதான் அந்தப் பெண்கள் விமானம் ஏறினார்கள். தினப்படி 10 டாலர். ஆறே ஆண்டுகளில், 1991இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நார்வேயை 2-1 என்று வென்று அதே அணி கோப்பையைக் கொண்டுவந்தது. பள்ளி, கல்லூரி விளையாட்டில் பெண்களை ஒதுக்கக் கூடாது என்று 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம் உருவாக்கிய தலைமுறை அது.

பணத்தைப் பற்றிய முதல் பெரிய மோதல் 1995 டிசம்பரில் நடந்தது. அடுத்த ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றால் மட்டுமே ஊக்கத்தொகை என்று சம்மேளனம் சொன்னது. வெள்ளி வென்றாலும் வேண்டும் என்று வீராங்கனைகள் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த ஒன்பது பேருக்குப் பயிற்சி முகாமின் கதவு மூடப்பட்டது. மிஷேல் ஏக்கர்ஸ், மியா ஹாம், ஜூலி ஃபௌடி போன்றவர்கள் அந்த ஒன்பது பேரில் இருந்தார்கள். இதற்கு முன்பே டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கைச் சந்தித்த ஃபௌடி, பெண்கள் டென்னிஸ் பரிசுத்தொகைக்காக அவர் நடத்திய போராட்டத்திலிருந்து பாடம் கற்றிருந்தார். சம்மேளனம் இறங்கி வந்தது. அணி தங்கம் வென்றது. ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தை 76,000க்கும் மேற்பட்டோர் நேரில் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1999 ஜூலை 10ஆம் தேதி, பாசடீனாவின் ரோஸ் பௌல் அரங்கில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 90,185 பேர். பெண்கள் கால்பந்தைப் பார்க்க ஆள் வராது என்ற வாதம் அன்றே முடிந்திருக்க வேண்டும்.

சம்பளமா, ஆட்டக்கணக்கா

2020 தீர்ப்பைப் புரிந்துகொள்ள, இரு அணிகளும் பணம் வாங்கிய முறையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஆண்களுக்குச் சம்மேளனம் சம்பளம் தருவதில்லை. முகாமுக்கு அழைக்கப்பட்டால் ஆட்டத்துக்கு இவ்வளவு, வென்றால் மேலும் இவ்வளவு என்று தொகை உண்டு. அழைக்கப்படாவிட்டால் ஒன்றும் கிடையாது. அது அவர்களைப் பெரிதாகப் பாதிக்கவும் இல்லை. அவர்களின் வாழ்வாதாரம் கிளப்பில் இருக்கிறது.

பெண்களுக்கு அப்படியொரு கிளப் வாழ்க்கை கிடைக்கவில்லை. 2001இல் தொடங்கிய முதல் தொழில்முறை லீக் 2003இல் மூடப்பட்டது. 2009இல் தொடங்கிய இரண்டாவது லீக் மூன்று பருவங்களுக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. 2013இல் மூன்றாவது லீக் தொடங்கியபோது, தேசிய அணி வீராங்கனைகளின் கிளப் சம்பளத்தையும் சம்மேளனமே ஏற்றுக்கொண்டது. வாடகைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் நம்பியிருக்க வேறு இடம் இல்லாத நிலையில், நிலையான சம்பளம், காப்பீடு, மகப்பேறு விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றைப் பெண்கள் சங்கம் கேட்டுப் பெற்றது. முன்னணி வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 72,000 டாலர், 2017 ஒப்பந்தத்துக்குப் பிறகு 1,00,000 டாலர் என்று அந்தச் சம்பளம் இருந்தது. இந்தப் பாதுகாப்புக்கு ஈடாக, வெற்றிக்கான ஊக்கத்தொகை ஆண்களுடையதைவிடக் குறைவாக வைக்கப்பட்டது.

ஏழை ஒருவர் மாதச் சம்பளத்தைத் தேர்ந்தெடுப்பதும் வசதி படைத்தவர் லாபப் பங்கைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே வகையான தேர்வு ஆகாது. பெண்கள் தேர்ந்தெடுத்த முறையைப் பிற்பாடு அவர்களுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் காட்டியது, என் பார்வையில் இந்த வழக்கின் மிக வருத்தமான பகுதி.

2015 ஜூலை 5ஆம் தேதி வான்கூவரில் ஜப்பானை 5-2 என்று வென்று மூன்றாவது முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றிய அணி, முதல் 16 நிமிடங்களுக்குள் கார்லி லாய்ட் மூன்று கோல் அடித்த அந்த ஆட்டத்தின் மூலம், அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதுவரை எந்தக் கால்பந்து ஆட்டமும் காணாத எண்ணிக்கையில் பார்வையாளர்களை ஈர்த்தது. அந்தக் கோப்பைக்காக, உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பான ஃபிஃபா அமெரிக்கச் சம்மேளனத்துக்குக் கொடுத்த பரிசு 20 லட்சம் டாலர். அதற்கு முந்தைய ஆண்டு, ஆண்கள் உலகக் கோப்பையில் 16 அணிகள் சுற்றிலேயே வெளியேறியதற்கு அதே சம்மேளனம் பெற்றது 90 லட்சம் டாலர். கோப்பையை வென்ற ஜெர்மனிக்கு மூன்றரைக் கோடி. பின்னாளில் பெண்கள் தாக்கல் செய்த மனுவின்படி, 2014இல் அந்தச் சுற்றோடு திரும்பிய ஆண்கள் அணிக்குச் சம்மேளனம் வழங்கிய ஊக்கத்தொகை 53 லட்சத்து 75 ஆயிரம் டாலர். 2015இல் கோப்பையையே கொண்டுவந்த பெண்கள் அணிக்கு வழங்கியது 17 லட்சத்து 25 ஆயிரம் டாலர். அணியில் இடம் பிடித்ததற்கு மட்டும் ஆண்களுக்கு ஆளுக்கு 55,000, பெண்களுக்கு 15,000.

ஆக, பாகுபாடு இரண்டு அடுக்குகளாக இருந்தது. மேல் அடுக்கில் ஃபிஃபா. கீழ் அடுக்கில் சம்மேளனம். ஃபிஃபா தருவதைத்தானே நாங்கள் தர முடியும் என்று சம்மேளனம் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் தினப்படியை ஃபிஃபா நிர்ணயிக்கவில்லை. வெளிநாட்டுப் பயணத்தில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 75 டாலரும் பெண்களுக்கு 60 டாலரும் கொடுத்தது சம்மேளனமே. ஒரே ஊரில், ஒரே விலைக்குச் சாப்பாடு வாங்கும் இருவருக்கு இடையே அந்த 15 டாலர் வித்தியாசத்துக்கு எந்தச் சந்தைக் கணக்கும் காரணம் சொல்ல முடியாது.

ஹவாய்

நடத்தப்பட்ட விதத்துக்கு ஒரு காட்சி போதும். 2015 உலகக் கோப்பை முழுவதும் செயற்கைப் புல்தரையில் நடந்தது. அதை எதிர்த்து அபி வாம்பக், பிரேசிலின் மார்த்தா, ஜெர்மனியின் நாடின் ஆங்கரர் உள்ளிட்ட பல நாட்டு வீராங்கனைகள் 2014இல் கனடாவின் ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்று, பிறகு மனுவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஆண்கள் உலகக் கோப்பை அப்படி ஒரு தரையில் ஒருபோதும் நடத்தப்பட்டதில்லை.

கோப்பை வென்ற அணி வெற்றிச் சுற்றுப்பயணமாக அதே ஆண்டு டிசம்பரில் ஹவாய் சென்றது. 4ஆம் தேதி பயிற்சி மைதானத்தில் மேகன் ரபினோவின் முழங்கால் தசைநார் அறுந்தது. ஆட்டம் நடக்கவிருந்த அலோஹா அரங்கில் மறுநாள் அணி இறங்கிப் பார்த்தபோது, செயற்கைப் புல் விரிப்பு தையல்களில் பிரிந்து தரையிலிருந்து கையோடு வந்தது. பரப்பெங்கும் கூர்மையான சிறு கற்கள் பதிந்திருந்தன. சறுக்கித் தடுத்தாடும் ஆட்டத்தில் தொடையும் முட்டியும் உரசும் தரை அது. ஆட மாட்டோம் என்று அணி சொன்னது. டிரினிடாட் டுபாகோவுக்கு எதிரான ஆட்டம் ரத்தானது. மைதானத்தை முன்கூட்டியே பார்க்காதது தவறு என்று சம்மேளனத் தலைவர் சுனில் குலாட்டி வருத்தம் தெரிவித்தார். 2014 முதல் 2017 வரை உள்நாட்டில் ஆடிய 62 ஆட்டங்களில் 13 ஆட்டங்களைப் பெண்கள் செயற்கைப் புல்லில் ஆடினார்கள் என்றும், ஆண்களுக்கு 49 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் அப்படி அமைந்தது என்றும் பின்னர் வழக்கு மனு கணக்குக் காட்டியது. 2017இல் ஆண்கள் அணிக்குக் குறைந்தது 17 முறை தனி விமானம் ஏற்பாடானது. பெண்களுக்கு ஒருமுறைகூட இல்லை.

புகார், வழக்கு, லியோன்

2016 மார்ச் இறுதியில் கார்லி லாய்ட், அலெக்ஸ் மார்கன், மேகன் ரபினோ, பெக்கி சாவர்பிரன், ஹோப் சோலோ ஆகிய ஐவர் கூட்டாட்சி அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். ஆணையம் மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, நீதிமன்றம் செல்லலாம் என்ற அனுமதிக் கடிதத்தை 2019 பிப்ரவரியில் அளித்தது. 2019 மார்ச் 8ஆம் தேதி, உலகப் பெண்கள் தினத்தன்று, 28 வீராங்கனைகள் லாஸ் ஏஞ்சலிஸில் வழக்குத் தாக்கல் செய்தார்கள். 1963ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் ஆகிய இரண்டும் அவர்களின் ஆயுதங்கள். இரு அணிகளும் 20 நட்புறவு ஆட்டங்கள் ஆடி அனைத்திலும் வென்றால், பழைய ஒப்பந்தப்படி ஒரு பெண் அதிகபட்சம் 99,000 டாலரும், அதே நிலையிலுள்ள ஓர் ஆண் சராசரியாக 2,63,320 டாலரும் பெறுவார்கள் என்று மனு சொன்னது. சம்மேளனம் இந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை.

தங்கள் முதலாளி மீது வழக்குப் போட்டுவிட்டு, அதே முதலாளியின் சட்டையை அணிந்து மூன்று மாதத்தில் உலகக் கோப்பைக்குச் செல்வது எவ்வளவு பெரிய மன அழுத்தம் என்பதைப் பிரான்ஸ் போட்டியைப் பார்த்தவர்கள் மறந்திருக்கக்கூடும். ஏனென்றால் அந்தப் பெண்கள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. ஜூலை 7ஆம் தேதி லியோன் நகரில் நெதர்லாந்தை 2-0 என்று வென்று கோப்பையை உயர்த்தியபோது, அரங்கில் இருந்த கூட்டம் ‘சம ஊதியம்’ என்று முழங்கியது. ஒரு விளையாட்டு ரசிகர் கூட்டம் வெற்றி நேரத்தில் தொழிற்சங்க முழக்கம் எழுப்பிய அபூர்வமான தருணம் அது. அந்த வெற்றிக்கு ஃபிஃபா தந்தது 40 லட்சம் டாலர். முந்தைய ஆண்டு ஆண்கள் கோப்பையை வென்ற பிரான்ஸ் பெற்றது 3 கோடியே 80 லட்சம் டாலர்.

வருவாய்க் கணக்கும் பெண்களுக்குச் சாதகமாகத் திரும்பியிருந்தது. சம்மேளனத்தின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளை ஆராய்ந்து அந்தக் கோடையில் வெளியான செய்தியின்படி, 2016 முதல் 2018 வரை பெண்கள் ஆட்டங்கள் ஈட்டியது 5 கோடியே 8 லட்சம் டாலர்; ஆண்கள் ஆட்டங்கள் 4 கோடியே 99 லட்சம். பதிலுக்குச் சம்மேளனத் தலைவர் கார்லோஸ் கார்டேரோ ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, 2010 முதல் 2018 வரை பெண்களுக்கு 3 கோடியே 41 லட்சமும் ஆண்களுக்கு 2 கோடியே 64 லட்சமும் கொடுத்திருப்பதாகக் கணக்குச் சொன்னார். சம்மேளனத்துக்கு விளம்பரதாரராக இருந்த புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமே இந்தச் சர்ச்சையின் நடுவில் வீராங்கனைகளுக்கு 5,29,000 டாலர் அளித்து, சமமாகக் கொடுங்கள் என்று செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டது. ஆகஸ்டில் நடந்த சமரசப் பேச்சு முறிந்தது. நவம்பரில் நீதிபதி கிளாஸ்னர் இதைக் குழு வழக்காக ஏற்றுக்கொண்டார்.

திருப்பி அணிந்த சட்டை

2020 மார்ச் மாதம், சம்மேளனத்தின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணம் ஒன்று பொதுவெளிக்கு வந்தது. ஆண்கள் அணி வீரரின் வேலை வேகமும் உடல் வலிமையும் சார்ந்த உயர்ந்த திறனைக் கோருகிறது, அந்த வேலையின் பொறுப்பும் கூடுதல், ஆகவே இரண்டும் சமமான வேலை அல்ல என்று அதில் வாதிடப்பட்டிருந்தது. சட்டத்தின் சொற்களை மட்டும் பார்த்தால் இந்த வாதம் எங்கிருந்து வந்தது என்பது புரியும்: சமமான திறன், உழைப்பு, பொறுப்பு ஆகியவற்றைக் கோரும் வேலைக்கே சம ஊதியச் சட்டம் பொருந்தும். அந்த அளவுகோலில் ஒன்றை உடைத்தால் போதும் என்று வழக்கறிஞர்கள் நினைத்தார்கள். ஆனால் நான்கு முறை உலகச் சாம்பியன் ஆன தன் சொந்த அணியைப் பார்த்து, உங்கள் வேலை தரம் தாழ்ந்தது என்று நாட்டின் கால்பந்துத் தலைமையே எழுத்தில் சொன்னதாகத்தான் அதை எல்லோரும் படித்தார்கள்.

மார்ச் 11ஆம் தேதி டெக்சஸின் ஃபிரிஸ்கோ நகரில் ஜப்பானுடன் ஆட்டம். வீராங்கனைகள் பயிற்சிச் சட்டையின் உட்புறத்தை வெளியே திருப்பி அணிந்து களத்துக்கு வந்தார்கள். துணியின் பின்பக்கம் வழியே சம்மேளனச் சின்னத்தின் வெளிவிளிம்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சின்னத்துக்குள் இருந்த எழுத்து மறைந்துபோனது. சின்னத்துக்கு மேலே தைத்திருந்த நான்கு நட்சத்திரங்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. அவை ஒவ்வொன்றும் ஓர் உலகக் கோப்பை: 1991, 1999, 2015, 2019. தேசிய கீதத்தின்போதும் அணிப் புகைப்படத்தின்போதும் அப்படியே நின்றார்கள். ஒரு வார்த்தை பேசாமல், கொடுத்த சட்டையைக் கொண்டே பதில் சொன்ன விதம் அது. அந்த ஆட்டத்தில் 3-1 என்று வென்றும் விட்டார்கள்.

கோகோ கோலா உள்ளிட்ட விளம்பரதாரர்கள் சம்மேளனத்தைக் கண்டித்தார்கள். மறுநாள் இரவு கார்டேரோ பதவி விலகினார். துணைத்தலைவராக இருந்த சிண்டி பார்லோ கோன் தலைவரானார். 1999இல் ரோஸ் பௌல் அரங்கில் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர் அவர். சம்மேளனத்தின் தலைமைக்கு ஒரு பெண் வந்தது அதுவே முதல் முறை.

நீதிபதியின் கணக்கு

ஏழு வாரங்களுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. திறன் குறைவு என்ற வாதத்தை அது தொடவில்லை. அதற்கு முந்தைய படியிலேயே, குறைவாகக் கொடுக்கப்பட்டதா என்ற கேள்வியிலேயே நின்று, இல்லை என்று விடை சொன்னது. மேலும், ஆண்களைப் போல ஆட்டக்கணக்கில் ஊதியம் பெறும் முறையைப் பேச்சுவார்த்தையில் பெண்கள் நிராகரித்தார்கள், உயர்ந்த ஊக்கத்தொகையைவிட நிலையான சம்பளத்தையும் கூடுதல் பேருக்கு ஒப்பந்தத்தையும் அவர்களே விரும்பினார்கள், இப்போது திரும்பிப் பார்த்து மற்ற ஒப்பந்தமே மேல் என்று சொல்ல முடியாது என்பது நீதிபதியின் நிலை.

வீராங்கனைகள் தரப்பு இதற்குச் சொன்ன பதில் இரண்டு. ஒன்று, ஆண்களுக்குரிய அதே தொகைகளுடன் கூடிய ஆட்டக்கணக்கு ஒப்பந்தம் தங்கள் முன் வைக்கப்படவே இல்லை. முறையை மட்டும் கொடுத்துத் தொகையைக் குறைப்பது தேர்வு ஆகாது. இரண்டு, சட்டம் பேசுவது மொத்த ஊதியத்தைப் பற்றி அல்ல, ஊதிய விகிதத்தைப் பற்றி. மணிக்கு 10 ரூபாய் வாங்கும் பெண் 12 மணி நேரமும், 15 ரூபாய் வாங்கும் ஆண் 8 மணி நேரமும் உழைத்தால் இருவர் கையிலும் 120 ரூபாய் இருக்கும். ஆனால் இருவருக்கும் சமமாகக் கொடுக்கப்பட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆண்களின் ஒப்பந்தம் தங்களுக்கும் பொருத்தப்பட்டிருந்தால் அதே ஆட்டங்களுக்கு, அதே வெற்றிகளுக்கு 6 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று அவர்கள் தரப்பு நிபுணர் கணக்கிட்டிருந்தார். என் கருத்தில், தீர்ப்பு விடை காண வேண்டிய கேள்வி இதுதான். விடை காணாமல் விட்டதும் இதைத்தான். வெற்றிக்குக் கொடுக்கும் பணத்தை ஒப்பிடும்போது வெற்றிகளின் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், அதிகம் வென்றவரின் உழைப்பே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

விமானம், தங்குமிடம், மருத்துவ உதவியாளர்கள் தொடர்பான பகுதி மட்டும் தள்ளுபடியிலிருந்து தப்பி விசாரணைக்கு எஞ்சியது. அதைப் புதிய தலைமை 2020 டிசம்பரில் சமரசமாக முடித்துக்கொண்டது. இனி இரு அணிகளுக்கும் ஒரே தரம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. சிறிய சமரசம் என்று அப்போது பலர் கடந்துபோனார்கள். ஆனால் ஊதியப் பகுதியை மேல்முறையீட்டுக்குக் கொண்டுசெல்ல வழி திறந்ததே இந்தச் சமரசம்தான்.

மேசைக்குத் திரும்பிய வழக்கு

2021 ஜூலையில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வீராங்கனைகளுக்கு ஆதரவாக இரண்டு முக்கியமான மனுக்கள் தாக்கலாயின. ஒன்று சம வேலைவாய்ப்பு ஆணையத்துடையது. மற்றொன்று ஆண்கள் தேசிய அணியின் தொழிற்சங்கத்துடையது. யாருடைய ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்களோ, அந்த ஆண்களே தங்களைவிடச் சிறப்பாக ஆடித்தான் பெண்கள் தங்களுக்கு இணையாக வர முடிகிறது என்றால் அது சமம் அல்ல என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். உழைப்பாளிகளை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவது முதலாளிகளின் பழைய வழக்கம். இங்கே அது பலிக்கவில்லை.

2022 மார்ச் 7ஆம் தேதி வாய்மொழி வாதம் நடக்கவிருந்தது. அதற்கு 13 நாட்கள் முன்பு, பிப்ரவரி 22ஆம் தேதி, சமரசம் அறிவிக்கப்பட்டது. தொகை 2 கோடியே 40 லட்சம் டாலர்: 2 கோடியே 20 லட்சம் வீராங்கனைகளுக்கு, 20 லட்சம் அவர்களின் ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கைக்கும் பெண்கள் கால்பந்து சார்ந்த அறப்பணிகளுக்குமான நிதிக்கு, அதிலிருந்து ஒருவர் அதிகபட்சம் 50,000 டாலர் கேட்கலாம். கோரியதில் மூன்றில் ஒரு பங்குதான் இது. ஆனால் சட்டப்படி தோற்ற நிலையில் இருந்த ஒரு தரப்புக்குக் கிடைத்த மூன்றில் ஒரு பங்கு என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். உலகக் கோப்பை உட்பட எல்லா ஆட்டங்களுக்கும் இனி ஒரே விகிதம் என்ற உறுதிமொழிதான் சமரசத்தின் உயிர். புதிய கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் சமரசமே செல்லும் என்றும் நிபந்தனை வைக்கப்பட்டது. 11 நாட்கள் கழித்து நடந்த சம்மேளனத் தேர்தலில், பதவி விலகிய கார்டேரோவே கோனை எதிர்த்துப் போட்டியிட்டார். சிறிய வித்தியாசத்தில் கோன் வென்றார். முடிவு மாறியிருந்தால் சமரசத்தின் கதியும் மாறியிருக்கலாம்.

மே 18ஆம் தேதி இரு சங்கங்களுடனும் 2028 வரையிலான ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டன. நட்புறவு ஆட்டம் ஒன்றை வென்றால் ஆணோ பெண்ணோ ஒருவருக்கு அதிகபட்சம் 18,000 டாலர். அதிகாரப்பூர்வப் போட்டிகளில் 24,000 வரை. பெண்களின் நிலையான சம்பளம் நீக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெண்கள் அணிக்கு மட்டும் இருந்துவந்த குழந்தைப் பராமரிப்பு வசதி, இந்த ஒப்பந்தத்தில் ஆண்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. சமத்துவம் என்றால் ஒருவரிடமிருந்து பிடுங்கி மற்றவருக்குக் கொடுப்பது என்று பயப்படுகிறவர்கள் இந்த ஒரு பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும்.

மிகக் கடினமான முடிச்சு ஃபிஃபாவின் பரிசுப் பணம். அதை அவிழ்க்க ஆண்கள் சங்கத்தின் சம்மதம் தேவைப்பட்டது. ஏனெனில் இழக்கப்போவது அவர்கள். 2022 ஆண்கள் உலகக் கோப்பையிலும் 2023 பெண்கள் உலகக் கோப்பையிலும் கிடைக்கும் பரிசுத் தொகையை ஒன்றாகச் சேர்த்து, அதில் 90 விழுக்காட்டை இரு அணிகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. 2026, 2027 கோப்பைகளுக்கு அந்தப் பங்கு 80 விழுக்காடு. செப்டம்பர் 6ஆம் தேதி வாஷிங்டன் நகரின் ஆடி ஃபீல்டு மைதானத்தில், நைஜீரியாவுடனான ஆட்டம் முடிந்தபின், களத்திலேயே மேசை போட்டுக் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், பெண்கள் கிளப் லீக்கில் பயிற்சியாளர்களின் அத்துமீறல்கள் பரவலாக இருந்ததை அம்பலப்படுத்திய சாலி யேட்ஸ் அறிக்கை வெளியானது. நடத்தப்படும் விதம் குறித்த அந்தக் கொடிய வரலாறு தனி ஆய்வுக்குரியது. 2023 ஜனவரியில், அமெரிக்காவைப் பிரதிநிதித்துவப்படுத்தும் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் சமமான ஊதியமும் வசதிகளும் தர வேண்டும் என்ற சட்டத்தில் அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார்.

ஃபிஃபாவின் அடுக்கு மட்டும் பெரிதாக மாறவில்லை. 2022 ஆண்கள் கோப்பைக்கு 44 கோடி டாலர், 2023 பெண்கள் கோப்பைக்கு 11 கோடி டாலர் என்று பரிசு ஒதுக்கப்பட்டது. இரண்டு அணிகளும் ஒரே பானையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தாங்களாகவே முடிவு செய்த நாட்டில் மட்டுமே இந்த இடைவெளியின் சுமை குறைகிறது.

அந்தப் பானையில் முதலில் விழுந்த பணம் கத்தாரிலிருந்து வந்தது. 2022 டிசம்பர் 3ஆம் தேதி அமெரிக்க ஆண்கள் அணி 16 அணிகள் சுற்றில் நெதர்லாந்திடம் 3-1 என்று தோற்றது. அதற்கான பரிசு 1 கோடியே 30 லட்சம் டாலர். அதில் 90 விழுக்காட்டின் பாதியாகப் பெண்கள் அணிக்குச் சேர்ந்தது 58 லட்சத்து 50 ஆயிரம். 2015இலும் 2019இலும் உலகக் கோப்பையை வென்றதற்காக ஃபிஃபா கொடுத்த பரிசுகள் இரண்டையும் கூட்டினால் 60 லட்சம் வரும்.